கீழ்ப்போர்ஷன் காலியான கதை

வாங்க தம்பி. வீடு பார்க்கத்தானே வந்தீங்க? அர்த்தநாரி இப்போதுதான் சாவி எடுக்கப் போனார். மில்லிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாராம். வீட்டுக்குச் சொந்தக்காரர், சாவிக்கு மட்டும் மறதிக்காரர். சித்த நேரம் ஆகும். அந்தப் படியில் உட்காருங்க. தூசி இல்லை, காலையில்தான் துடைத்தேன். ஆளே இல்லாத வீட்டின் படியை எதற்கய்யா துடைக்கிறாய் என்று அவர்கூடக் கேட்டார். ஒறம்பரை யாராவது வந்தால் உட்கார வேண்டாமா என்றேன். "உனக்கு எந்த ஒறம்பரை வரப்போவுது" என்றார். பாருங்க, நீங்க வந்துட்டீங்க.

நான் மேல் ரூம். சென்னியப்பன். டிரைவர் சென்னியப்பன் என்று சங்ககிரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். அதைக் கண்டுக்காதீங்க.

ஏனுங்க தம்பி, ஒன்று கேட்கிறேன். 'மேலே ஒரு கிழவன் இருக்கான், அவன்கிட்ட பேச்சுக் குடுக்காதீங்க' என்று அர்த்தநாரி சொல்லிவிட்டுத்தானே போனார்? சொன்னாரா இல்லையா? சிரிக்கிறீங்க. அப்படியானால் சொல்லியிருக்கிறார். என்னிடமும் சொன்னார். வீடு பார்க்க ஆள் வந்தால் நீ வாயைத் திறக்காதே, போன தடவை வந்த பேங்க்காரர் நீ பேசிய பேச்சில்தான் செருப்பை மாட்டிக்கொண்டு போனார் என்றார். நானும் வாயை மூடிக்கொண்டு மேலேதான் இருந்தேன். நீங்கதான் அண்ணாந்து பார்த்து, 'ஐயா, இங்கே ஆத்துத்தண்ணி வருதுங்களா' என்று கேட்டீங்க. கேட்ட மனுசனுக்கு மேலிருந்து கத்தியா பதில் சொல்வது? அதனால் இறங்கி வந்தேன். வருதுங்க, தண்ணி நல்லாவே வருது.

என்ன? முன்னால் குடியிருந்தவர்கள் ஏன் காலி செய்தார்களா?

பாம்புங்க தம்பி. சாரை. பத்துச் சக்கர லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற கயிறு பார்த்திருக்கீங்களா? அந்த நீளம். தலை பின்னால் பொடக்காளியில் குளித்துக்கொண்டிருக்கும், வால் இந்த வாசலில் வெயில் காயும். ஒருநாள் அதன் நடு உடம்பைக் கொடிக்கயிறு என்று நினைத்து என் லுங்கியைக் காயப்போட்டுவிட்டேன். லுங்கி அதுபாட்டுக்கு நகர்ந்து போய்...

உட்காருங்க, உட்காருங்க! பாம்பும் இல்லை, ஒன்றும் இல்லை. சும்மா சொன்னேன். பேங்க்காரரும் இந்த இடத்தில்தான் எழுந்தார். நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன். நிஜம் பாம்பைவிட ரொம்பச் சின்னதுங்க. ஒரு விரல் நீளம்தான் இருக்கும். மஸ்கட்டிலிருந்து வந்தது.

இங்கே இருந்த பிள்ளை பேர் நிரோஷா. தர்மபுரிப் பக்கம். புருசன் ஜெகதீஷ், ஏசி மெக்கானிக், மஸ்கட்டில் வேலை. இரண்டு பேரும் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். சாதி வேறே. அதனால் பெண் வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள், பையன் வீட்டில் வாசல்படி மிதிக்காதே என்றுவிட்டார்கள். பிரசவத்துக்குக்கூட அம்மா வரவில்லை தம்பி. கூடப் படித்த ஒரு பெண் வந்து கொஞ்ச நாள் இருந்தாள். புருசன் வந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தான், லீவு முடிந்தது, போய்விட்டான். அப்புறம் இந்த வீட்டில் அவளும் அந்தக் கைக்குழந்தையும்தான். பெண் குழந்தை. இரண்டு மாசம். என் கால் பெருவிரல் அளவுக்கு ஒரு முகம்.

மேலே நான். கீழே அவள். ஒரே காம்பவுண்டு. நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை. எதிரே பார்த்தால் "சாப்பிட்டீங்களா தாத்தா" என்பாள். நான் 'சாப்பிட்டேன் அம்மிணி, ஒருதடவை ராய்ப்பூரிலே என்னாச்சுன்னா' என்று ஆரம்பிப்பேன். அதற்குள் உள்ளே குழந்தை அழும். போய்விடுவாள். அந்தக் குழந்தைக்கும் எனக்கும் ஏதோ பங்காளிப் பகை மாதிரி, நான் ராய்ப்பூர் என்றாலே அழும். சில நாள் குழந்தை அழாமலே "பாப்பா அழுவுறா தாத்தா" என்று உள்ளே போவாள். எனக்கென்ன காது செவிடா? இருந்தாலும் சரி கண்ணு, போய்ப் பாரு என்பேன்.

தீப்பெட்டி கேட்டு வருவேன். கொடுப்பாள். மறுபடி கேட்டு வருவேன். என் அலமாரியில் தீப்பெட்டி மட்டும் ஒரு கடை வைக்கிற அளவுக்குச் சேர்ந்துவிட்டது. ரூமில் கேஸ் லைட்டர்தான் இருக்கிறது, அது வேறு.

என் மகன் ஓசூரில் இருக்கிறான். போன் பண்ணுவான். "சாப்டீங்களா?" "சாப்ட்டேன்." "மாத்திரை?" "போட்டேன்." "சரி வச்சிடட்டுமா?" அவ்வளவுதான். லோடு இறக்கியாச்சா என்று புக்கிங் ஆபீஸில் கேட்பதுபோலக் கேட்பான். நான் அவனைக் குறை சொல்லவில்லை. அவனுக்கு என் கதை எல்லாம் சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்த கதையை யார் கேட்பார்கள்?

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

சித்திரை வெயில். மதியச் சோறு ஆக்கலாமா, காலைப் பழையதே போதுமா என்று யோசித்துக்கொண்டு கட்டிலில் கிடக்கிறேன். கீழேயிருந்து குரல் வருகிறது. "தாத்தா! மேல இருக்கீங்களா தாத்தா? சித்த கீழ வாங்களேன்!"

தம்பி, நான் லாரி ஓட்டி வீட்டுக்கு வந்த காலத்தில்கூட யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு முட்டிவலி. அன்றைக்கு முட்டியும் இல்லை, வலியும் இல்லை. சட்டையை மாட்டினேன். எதற்கோ எண்ணெய் வைத்துத் தலையும் சீவினேன். சீவிக்கொண்டு இறங்கினேன்.

அவள் ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முகமெல்லாம் வெசனம்.

"பாப்பா உடம்பு சுடுது தாத்தா. காலையில இருந்தே ஒரு மாதிரி இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரலாமான்னு இருக்கு."

"போயிட்டு வா. எதுக்கு யோசிக்கிறே?"

இதை நான் சொன்னேனுங்க. முதல் வார்த்தை நான் சொன்னது இதுதான். இதை யாரும் இப்போது ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

"போன வாரம் தும்முதுன்னு தூக்கிட்டுப் போனேன் தாத்தா. அங்க இருந்த நர்ஸ், 'தும்மினா இருமினா எல்லாம் தூக்கிட்டு ஓடி வர்றீங்களே, வீட்ல பெரியவங்க யாரும் இல்லியா'ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டாங்க."

பெரியவங்க யாரும் இல்லியா! அந்த வார்த்தை அவளைவிட எனக்குத்தான் தம்பி சுருக்கென்றது. மேலே ஆறடிக்கு ஒரு பெரியவன் படுத்துக் கிடக்கிறேன், நான் இருக்கும்போதா அப்படிக் கேட்பது?

அவள் ஒரு சின்னப் பெட்டியிலிருந்து அதை எடுத்தாள். வெள்ளையாய், பேனா மாதிரி. காய்ச்சல் பார்க்கிற கருவி. மஸ்கட்டில் வாங்கி, ஊருக்கு வந்த ஒரு ஆள் மூலமாகப் பால்பவுடரோடு ஜெகதீஷ் கொடுத்து அனுப்பியது. குழந்தையின் அக்குளில் வைத்தாள். பீப் பீப் என்றது.

"முப்பத்தொம்போது புள்ளி ஒண்ணு காட்டுது தாத்தா. நூறு தாண்டினாத்தான காய்ச்சல்? அப்ப இது என்ன கணக்கு? கை வச்சா கொதிக்குது, இதுல முப்பத்தொம்போதுங்குது. ரிப்பேரா?"

என்னைப் பார்க்கிறாள் தம்பி. அந்தக் கண் இரண்டையும் அகலமாக வைத்துக்கொண்டு, இவருக்குத் தெரியும் என்று பார்க்கிறாள். யாராவது உங்களை அப்படிப் பார்த்திருக்கிறார்களா? பார்த்தால் தெரியும் உங்களுக்கு.

வாங்கிப் பார்த்தேன். நம்பருக்குப் பக்கத்தில் துளியூண்டு ஒரு இங்கிலீஷ் எழுத்து. கம்பெனி முத்திரை என்று நினைத்தேன். யார்தான் நினைக்க மாட்டார்கள்?

"ரிப்பேர் எல்லாம் இல்லை அம்மிணி. ஃபாரின் சாமான், பொய் சொல்லாது. உன் கைதான் பொய் சொல்லுது. இப்பத்தான துணி துவைச்சே? தண்ணியில கிடந்த கை, எதைத் தொட்டாலும் சுடத்தான் செய்யும்."

"முப்பத்தொம்போதுன்னா ரொம்பக் கம்மி இல்லையா தாத்தா?"

"பெரிய மனுசனுக்குத்தான் நூறு. கைக்குழந்தைக்கு எப்படி நூறு காட்டும்? லாரிக்கும் டிவிஎஸ் வண்டிக்கும் ஒரே முள்ளா? சின்ன எஞ்சின், சின்ன நம்பர். வளர வளர ஏறும். என் லாரியில ரேடியேட்டர் முள்ளு தொண்ணூறுக்குப் போனாக்கூட நான் டீ குடிச்சிட்டுத்தான் பானெட்டைத் திறப்பேன். நாப்பதுன்னா எஞ்சினு இன்னும் தூங்கி எழுந்திரிக்கலேன்னு அர்த்தம்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. அப்படியே, மழை விட்ட மாதிரி. "அப்படியா தாத்தா?" என்றாள். அப்படியேதான் என்றேன். சொல்லும்போது எனக்கே அது ரொம்ப நியாயமாகப் பட்டது. இன்றைக்கும் ஒருவிதத்தில் நியாயமாகத்தான் படுகிறது. டிவிஎஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒரே முள் இல்லைதானே?

"புருசனுக்கு ஒரு போன் போட்டுக் கேளு" என்றும் சொன்னேன். போட்டாள். எடுக்கவில்லை. ஏதோ மொட்டை மாடியில் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பான், டீ டயத்தில்தான் போனைத் தொடுவான் என்றாள். சரி, அதுவரைக்கும் நான் இருக்கிறேன், நீ தைரியமா இரு என்றேன். நாற்காலி எடுத்துப் போட்டாள். அந்த வீட்டுக்குள் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

உட்கார்ந்து சும்மா இருக்க முடியுமா? பயந்துபோன பிள்ளை. நாலு வார்த்தை பேசினால் பயம் போகும். ரேடியேட்டர் பேச்சு வந்ததால் அந்தப் பால்கோவா சமாச்சாரத்தைச் சொன்னேன். உங்களுக்குத் தெரியாதில்லையா? ஆந்திராவில் ஒரு மலைப்பாதை. ரேடியேட்டர் காய்ந்துபோச்சு. சுற்றிச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஒரு ஆட்டிடையன் மட்டும் மந்தையோடு வந்தான். என்ன செய்ய? மந்தை முழுக்கப் பால் கறந்து ரேடியேட்டரில் ஊற்றினேன். வண்டி ஜம்மென்று கிளம்பியது. கர்நூல் போய்ச் சேர்ந்து மூடியைத் திறந்தால் வாசனை தூக்குகிறது. எட்டிப் பார்த்தேன், பால்கோவா! ஸ்பூன் வைத்துச் சுரண்டிச் சுரண்டி ஆபீஸ் முழுக்கக் கொடுத்தேன். மேனேஜர், 'சக்கரை கொஞ்சம் கம்மிப்பா' என்றார்.

சிரித்தாள் தம்பி. வாயைப் பொத்திக்கொண்டு, மடியில் குழந்தை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "பொய்யி தாத்தா, பச்சைப் பொய்யி" என்றாள். "கர்நூல்ல போய்க் கேளு" என்றேன். இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்துக் கொடுத்தாள். அவளுக்கென்று செய்த ரவா உப்புமாவில் பாதியை எனக்கு வைத்தாள். கறிவேப்பிலையெல்லாம் போட்டு, நெய்யும் விட்டு. யாரோ சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது என்று யோசித்தேன், கணக்கே கிட்டவில்லை.

கழன்று ஓடிய சக்கரம் எனக்கு முன்னால் செக்போஸ்ட்டுக்குப் போய் நின்ற கதை, ஹூப்ளியில் ஒரு குரங்கு எனக்குக் கிளீனராக இருந்த கதை, எல்லாம் சொன்னேன். அந்தக் குரங்கு பீடி மட்டும் கேட்கும் என்றதும், "போதும் தாத்தா, வயிறு வலிக்குது" என்றாள். குழந்தையா? அது சமத்து. அன்றைக்குப் பார்த்து ராய்ப்பூர் என்றாலும் அழவில்லை. அப்படியே துணிபோலக் கிடந்து தூங்கியது. இந்தக் குழந்தைக்கு இப்போதுதான் என் பேச்சுப் பிடித்திருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

"பாலே குடிக்க மாட்டேங்குது தாத்தா."

"வெயிலுக்கு யாருக்கம்மிணி பசிக்குது? எனக்கே உன் உப்புமாவாலதான் பசிச்சுது."

இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். "முப்பத்தொம்போது அஞ்சு தாத்தா. ஏறுதே."

"வளருதுடா கண்ணு" என்றேன். அதற்கும் சிரித்தாள். கொஞ்சம் கம்மியாகச் சிரித்தாள். அதை நான் அப்போதே பார்த்தேன். பார்த்தும் குரங்குக் கதை பாதியில் நிற்கிறதே என்று அதை முடிக்கப் போய்விட்டேன்.

நடுவில் ஒருதடவை அவள் எழுந்தாள். "எதுக்கும் ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வந்துரட்டுமா தாத்தா? திட்டினா திட்டட்டும்" என்றாள். துண்டைக்கூட எடுத்துத் தோளில் போட்டுவிட்டாள். நான், 'இந்த வெயில்ல பச்சைப் பிள்ளையை வெளிய எடுத்தா இல்லாத காய்ச்சலும் வரும், பொழுது சாயட்டும், நானே கூட வர்றேன்' என்றேன். வெயில் அடித்ததா இல்லையா? நீங்களே சொல்லுங்க. சித்திரை. தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். நானும் இரண்டாவது டீக்கு உட்கார்ந்துவிட்டேன்.

ஒளிக்காமல் சொல்கிறேன் தம்பி, அந்த மத்தியானம் நன்றாக இருந்தது. என் ஆயுசில் அப்படி நாலைந்து மத்தியானம்தான் இருந்திருக்கும். மின்விசிறி சுற்றுகிறது. கதவு திறந்தே இருக்கிறது. நான் சொல்கிறேன், ஒரு ஆள் கேட்கிறது. பொழுது சாயவே வேண்டாம் என்று இருந்தது.

வெயில் தாழ்ந்தபோது புருசன் போன் போட்டான். முகம் தெரிகிற போன். இவள் நல்ல தைரியமாக, "ஒண்ணுமில்லைங்க, பாப்பா உடம்பு லேசா கதகதன்னு இருந்துச்சு. நீங்க குடுத்து விட்டதுல பார்த்தேன், முப்பத்தொம்போது அஞ்சுதான், தாத்தாவும் கூட இருக்காங்க" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கத்தல்.

"முப்பத்தொம்பதரையா? ஏய்! அது இந்த ஊர்க் கணக்குடி! சென்டிகிரேடு! நம்ம கணக்குக்கு நூத்தி மூணுடி! எப்ப இருந்து? எப்ப இருந்துடி?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். மத்தியானம் பார்த்த அதே கண்தான் தம்பி. ஆனால் வேறே மாதிரி. நானும் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வாழ்க்கையிலேயே முதல் தடவை ஒன்றும் வரவில்லை.

குழந்தையை அள்ளினாள். செருப்புக்கூடப் போடவில்லை. தெருவில் போன ஆட்டோவைக் கையைக் காட்டி நிறுத்தினாள். நான் பின்னாலேயே ஓடி, "இரு அம்மிணி, நானும் வர்றேன், ஆஸ்பத்திரியில எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கு" என்று ஆட்டோ கம்பியைப் பிடித்தேன்.

"நீங்க வேண்டாம் தாத்தா" என்றாள்.

கத்தவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கம்பியிலிருந்து என் கையை எடுத்துவிட்டாள், அவ்வளவுதான். தெரிந்த ஆள் என்று யாரும் இல்லைதான். அது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

இங்கே முடியாது என்று சேலத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். போகும் வழியிலேயே குழந்தைக்கு வெட்டி வெட்டி இழுத்ததாம். இதெல்லாம் கூடவே சேலம் வரைக்கும் போன ஆட்டோக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு மாசக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டாமா, நூறைத் தொட்டாலே வர வேண்டாமா என்று அங்கே டாக்டர் கேட்டாராம். மூளைக்குப் போய்விட்ட காய்ச்சலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கையிலும் காலிலும் ஊசி குத்தி... அந்தப் பெருவிரல் முகத்துக்கு. நான் பஸ் ஏறிச் சேலத்துக்குப் போனேன். போகாமல் இருப்பேனா? வார்டு வாசலில் பேர் கேட்டார்கள், என்ன உறவு என்றும் கேட்டார்கள். தாத்தா என்றேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "குழந்தைக்குத் தாத்தா யாரும் இல்லைன்னு சொல்றாங்க" என்றார்கள்.

பிழைத்துக்கொண்டது தம்பி. முகத்தை அப்படி வைத்துக்காதீங்க, பிழைத்துக்கொண்டது. காது மட்டும் கேட்கிறதா என்று பிற்பாடு கொண்டுவந்து சோதிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அந்த மாதிரிக் காய்ச்சலில் காது போகுமாம். கேட்கும், ஏன் கேட்காது? கேட்காமலா நான் ராய்ப்பூர் என்றதும் அவ்வளவு நாளும் அழுதது?

அவள் இங்கே திரும்பி வரவேயில்லை. கூடப் படித்த அந்தச் சினேகிதி ஊரிலேயே வீடு பார்த்துக்கொண்டாளாம். புருசன் லீவு போட்டு வந்தான், சாமானை ஏற்ற. அன்றைக்கு மேலேயும் வந்தான். வாங்க மாப்பிள்ளை என்றேன், பாய் விரித்தேன், டீ வைக்கப் போனேன். வேண்டாம் என்றுவிட்டான். நின்றுகொண்டே இருந்தான். அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட ஒரு பேச்சு இருந்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் பெரியவரே. உங்களுக்கு அதைப் பத்தித் தெரியாதுல்ல? தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா அவ அப்பவே ஓடியிருப்பா. ஏன் சொல்லலை?"

கேட்டுவிட்டு அவன்பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டான். என் ஆதங்கமே அதுதான் தம்பி. இது ஒரு கேள்வியா? நீங்களே சொல்லுங்க. ரோட்டிலே ஓடிய மனுசன் நான். தெரியாத ஊர், தெரியாத பாஷை, எவனாவது வண்டியை நிறுத்தி வழி கேட்டால் தெரியாது என்று நான் சொன்னதே கிடையாது. நேராப் போங்க, ஒரு வேப்பமரம் வரும், சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க என்று சொல்லி அனுப்புவேன். எந்த ஊர் ரோட்டிலும் ஒரு வேப்பமரம் வரத்தானே செய்யும்? நம்மை மதித்து ஒருத்தர் கேட்கிறார். அவர் முகத்துக்கு நேராகத் தெரியாது என்று சொன்னால் அது கதவைச் சாத்துவது மாதிரி இல்லையா? அந்தப் பிள்ளை என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். அதற்கு முன்னால் இந்த ஊரில் யாருமே என்னை ஒன்றும் கேட்கவில்லை. வந்து இறங்கியவன் வாயைத் திறந்து, தெரியாது அம்மிணி, நீ போ என்று சொல்லிவிட்டு மறுபடி மாடிப்படி ஏறியிருக்க வேண்டுமா? ஏறிப் போய் என்ன செய்வது? பழையது சாப்பிடுவதா?

தப்பு அந்த மெஷின் மேல். இந்த ஊருக்கு ஒரு கணக்கு, அந்த ஊருக்கு ஒரு கணக்கு என்று செய்து வைத்திருக்கிறானே, அவன் மேல். அர்த்தநாரியிடம் இதைச் சொன்னேன். அவர், "வீடு பார்க்க வர்றவங்ககிட்ட வாயைத் திறக்காதே" என்றார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்தப் பேச்சு.

வண்டிச் சத்தம் கேட்குதுங்களா? அவர்தான். நான் பேசியதாகக் காட்டிக்காதீங்க. பாம்பை வேண்டுமானால் சொல்லுங்க, பாம்புக்கு அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வீடு நல்ல வீடு தம்பி. காற்று வரும். கூடத்தில் பேசினால் மேலே எனக்குக் கேட்கும். கேட்குமென்றால் தொந்தரவாக இல்லை. பாத்திரம் கழுவுகிற சத்தம், டிவி சத்தம். நீங்க சத்தமாகவே வைக்கலாம். நானொன்றும் சொல்ல மாட்டேன்.

என்னங்க?

உங்க வீட்டிலும் கைக்குழந்தையா? எத்தனை மாசம்? வேண்டாம், சொல்லாதீங்க. நான் ஏதாவது கணக்குப் போட்டுவிடுவேன்.

என்ன கேட்டீங்க? குழந்தைகளுக்கு இந்த ஊரில் நல்ல டாக்டர் யாரா?

அடடா, இதென்ன கேள்வி தம்பி. இந்த ஊரில் எனக்குத் தெரியாத டாக்டரா? மூன்று பேர் இருக்கிறார்கள். முதல் ஆள்...

முதல் ஆளின் போர்டை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். இரண்டாவது ஆள் பல் டாக்டராகவும் இருக்கலாம். மூன்றாவது ஆள் இனிமேல்தான் படித்து முடிக்க வேண்டும்.

தெரியாதுங்க.

எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் மருந்துக்கடை இருக்கிறது, அங்கே கேட்டு இன்றைக்கே தெரிந்து வைத்துக்குங்க. வீட்டில் அம்மிணியிடம் இதை மறக்காமல் சொல்லுங்க, பிள்ளைக்கு உடம்பு சுட்டால் மேலே பார்த்து என்னைக் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டால் நான் வந்துவிடுவேன்.

அவர் கதவைத் திறந்துவிட்டார், போங்க. பார்த்தீங்களா தம்பி, தெரியாது என்று சொன்னதும் அதற்குமேல் நீங்களும் ஒன்றும் கேட்கவில்லை.